கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

(ஓமந்தூரில் மகளிர் குழுக்களும் நூலக வாசகர்களும் சேர்ந்து நடத்திய மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் பேசியதன் அச்சு வடிவம்)

மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் என் டீச்சருக்கு ஒரு வணக்கம். அவர் எதிரில் நின்று பேசுவது இன்றைக்கும் எனக்குப் பரீட்சை ஹாலுக்குள் நுழைகிற மாதிரிதான் இருக்கிறது.

ஓமந்தூரில் நின்று புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓமந்தூராரை நினைக்காமல் ஆரம்பிக்க முடியாது. ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சரை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. பாரதியாரின் எழுத்துகளுக்கான உரிமையை அரசே பெற்றுக்கொள்வது என்று தீர்மானமானதும் அவர் ஆட்சியில்தான், 1949-இல். தனியார் கையில் இருந்த பாட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகிற வழி அப்போது திறந்தது. வயற்காட்டிலிருந்து போன ஒருவர் காலத்தில் அது நடந்தது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

எழுத்து யாருக்குச் சொந்தம் என்பது அப்போதைய கேள்வி. எனக்கு வேறொரு கேள்வி ரொம்ப நாளாக இருக்கிறது. கைவேலையை எழுதியவர் யார்? ஒரு ஸ்வெட்டரில், ஒரு ஒயர் கூடையில் யார் பெயர் இருக்கிறது? அதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். நான் ஒரு பின்னல் புத்தக ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கப் போன கதை வழியாகப் பேசுகிறேன்.

1980-களின் நடுவில் திண்டிவனத்தில் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அரசாங்கம் நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வில் தையல் ஒரு பாடம். லோயர், ஹையர் என்று இரண்டு படி. அதற்கு ஒரு ரெக்கார்டு நோட்டு போட வேண்டும். இங்கே இருக்கிற அக்காமார்களில் பாதிப் பேராவது அதைச் சுமந்திருப்பீர்கள். இடது பக்கம் துணியில் செய்த மாதிரியை ஒட்ட வேண்டும். வலது பக்கம் செய்முறையை எழுத வேண்டும். ஓட்டுத் தையல், காஜா, ஒட்டுப்போடுதல், சங்கிலித் தையல். ஒவ்வொரு மாதிரியையும் டீச்சர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகு புரட்டுவார். முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பின்பக்கம் நூல் தொங்கினால், "பிரிச்சுட்டுத் திருப்பிப் போடும்மா" என்பார். சரியாக இருந்தால் பக்கத்தின் கீழ் மூலையில் சிவப்பு மையில் கையெழுத்து, தேதி.

வகுப்பு முடிந்த பிறகு, பாடத்தில் இல்லாத ஒன்றை விருப்பப்பட்டவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுத்தார். உல்லன் பின்னல். திண்டிவனத்து வெயிலில் உல்லன் எதற்கு என்று கேட்பீர்கள். மார்கழிப் பனியில் பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். குட்டி ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, கால் விரல் மறைய ஒரு ஜோடி சாக்ஸ்: வளைகாப்பு முடிந்த வீடுகளிலிருந்து டீச்சருக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். பேன்ஸி ஸ்டோரில் லூதியானா உல்லன் உருண்டை கிடைக்கும். ஸ்வெட்டருக்குப் பத்தாம் நம்பர் ஊசி, சாக்ஸுக்குப் பன்னிரண்டாம் நம்பர். நிட், பர்ல் என்கிற இரண்டே இரண்டு அசைவு. நூலை முன்னாலிருந்து இழுப்பதா, பின்னாலிருந்து இழுப்பதா என்பது மட்டும்தான் வித்தியாசம். அந்த இரண்டிலிருந்து இத்தனை கோலம் எப்படி வருகிறது என்று எனக்கு அப்போதும் ஆச்சரியம், இப்போதும் ஆச்சரியம்.

டீச்சரிடம் பின்னல் புத்தகம் ஒன்றும் கிடையாது. எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். பழைய ரெக்கார்டு நோட்டின் மிச்சப் பக்கங்களில் அதற்கும் மாதிரி ஒட்டினோம். அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

கடைசிப் பக்கம் நான்கு ஊசி சாக்ஸின் குதிகால். பின்னியவர்களுக்குத் தெரியும், சாக்ஸில் கடினமான இடம் அதுதான். குழாய் மாதிரி இறங்கிவருவதை ஓரிடத்தில் மடக்கிப் பாதத்துக்குத் திருப்ப வேண்டும். வரிசை முடிவதற்கு முன்பே பாதியில் திரும்பி வர வேண்டும். அப்படித் திரும்பிய இடத்தில் ஒரு சந்து விழும். அடுத்த முறை அந்தச் சந்தின் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்துப் பின்னினால் மூடிக்கொள்ளும். நான் சேர்க்காமல் விட்டுவிட்டேன். குதிகாலில் வரிசையாக ஓட்டை. டீச்சர் வெளிச்சத்தில் பிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். கல்யாணம், செய்யாறு, இரண்டு பிள்ளைகள். பிறகு பள்ளியில் தையல் ஆசிரியை வேலை. அந்தப் பக்கம் கையெழுத்தில்லாமலே நின்றுவிட்டது.

தமிழில் பின்னல் என்ற சொல் எவ்வளவு பரந்தது பாருங்கள். சடையும் பின்னல், கோரைப் பாயும் பின்னல், வலையும் பின்னல், திருப்பூர்ப் பனியனும் பின்னலாடை. ஒயர் கூடையில் மட்டும் சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று எத்தனை! இவற்றைக் கண்டுபிடித்த பெண் எந்தத் தெருவில் இருந்தாள்? யாருக்கும் தெரியாது. ஒரு ரயில் பெட்டியில் எதிர் சீட்டு அம்மாவின் கூடையைப் பார்த்தே ஒரு முடிச்சைக் கற்றுக்கொண்டு இறங்கியவள் நான். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

நாகர்கோவில் லேஸ் இருநூறு வருஷத்துக் கதை. மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் அங்கே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அந்த லேஸைப் போட்ட பெண்களின் பெயர் இல்லை. எனக்கு உறுத்துகிற இடம் இதுதான்.

நன்னூல் படித்த தமிழாசிரியர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். நான் பிழையாகச் சொன்னால் திருத்துங்கள் ஐயா. நூலுக்கு நூல் என்று ஏன் பெயர் வந்தது என்று பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் சொல்கிறார். சொல்லைப் பஞ்சாக்கி, மதியைக் கதிராக்கி, வாயைக் கையாக்கி அவர் நூற்கிறார். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். அதில் நூற்கிறவர் யார் என்பதைக் கவனித்தோமா? புலவனை அவர் ஒரு பெண்ணுக்கு ஒப்பிடுகிறார். கதிரில் நூல் நூற்கிற பெண்ணுக்கு. புலவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல, எல்லோரும் பார்த்திருக்கிற ஒரு பெண்ணைக் காட்டினார் இலக்கண ஆசிரியர். அந்த உவமையை அப்படியே திருப்பிப் படித்தால், நூற்ற பெண்ணும் ஆசிரியர்தானே? நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். எலிசபெத் சிம்மர்மன் என்று ஓர் அம்மா. 1910-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஜெர்மன்காரக் கணவரோடு அமெரிக்கா போய், விஸ்கான்சினில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வீடாக்கிக் குடியிருந்தவர். நூலை இடது கையில் பிடித்துப் பின்னுகிற முறை சின்ன வயதிலேயே அவருக்குப் படிந்துவிட்டது. ஸ்வெட்டரைத் துண்டு துண்டாகப் பின்னிப் பிறகு தைக்கிறோமே, அதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு உருளையாகத்தானே இருக்கிறது, வட்டமாகவே பின்னு என்றார். பத்திரிகைக்கு ஒரு டிசைன் எழுதி அனுப்பினார். பத்திரிகைக்காரர்கள் அவருடைய வட்டத்தைப் பிரித்துத் தட்டையாக மாற்றி அச்சிட்டார்கள். இனி என் பின்னலை நானே எழுதி நானே அச்சிடுகிறேன் என்று 1958-இல் சொந்தமாக ஒரு மடல் இதழ் தொடங்கினார். 1971-இல் வந்தது அவருடைய புத்தகம். கண்ணீர் இல்லாமல் பின்னுவது என்பது தலைப்பின் பொருள்.

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் அங்குலத்தில் உன் கைக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று முதலில் எண்ணு. மார்புச் சுற்றளவு எத்தனை அங்குலமோ அதால் பெருக்கு. இருநூறு கண்ணி வந்தால் அதுதான் நூறு சதவீதம். மணிக்கட்டு அதில் இருபது சதவீதம், நாற்பது கண்ணி. கழுத்து நாற்பது சதவீதம், எண்பது கண்ணி. அக்குளில் எட்டு சதவீதம். நூல் தடிமனோ மெல்லிசோ, குழந்தையோ தாத்தாவோ, கணக்கு மாறாது. இனி யாருடைய அளவுத் தாளுக்கும் காத்திருக்க வேண்டாம்! படிக்கிற ஒவ்வொருத்தி கையிலும் சாவியைக் கொடுத்துவிட்ட புத்தகம் அது. ஆனால் தான் புதிதாக ஒன்றும் கண்டுபிடித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னலில் எல்லாமே எப்போதோ யாரோ ஒருத்தி செய்ததுதான், நான் தோண்டி எடுத்தேன் என்பதற்கு ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். 1999-இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் கட்டுரை போட்டது. ஸ்வெட்டர் பின்னியவருக்கு!

நம் ஊரில் அப்படி யாரும் இல்லையா என்றால், கைகள் இருக்கின்றன. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் முன்னின்று திரட்டிய குரோஷே குழுப் பெண்கள், பின்னிய சதுரங்களைச் சேர்த்து உலகத்திலேயே பெரிய குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். 11,148 சதுர மீட்டருக்கு மேல். நம்ம ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர். இரண்டே முக்கால் ஏக்கர் நிலத்தை ஒற்றைக் கொக்கி ஊசியால் மூடிய கைகள் அவை. அந்தப் போர்வையைப் பிறகு பகுதி பகுதியாக்கி இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

இனி என் கதை. மகள் டொராண்டோவில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது போய் ஆறு மாதம் இருந்தேன். அங்கே போனதும் கடையில் பத்தாம் நம்பர் ஊசி கேட்டு வாங்கினேன். கட்டைவிரல் கனத்துக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். நம் பத்தாம் நம்பர் மூன்றேகால் மில்லிமீட்டர். அமெரிக்கப் பத்தாம் நம்பர் ஆறு மில்லிமீட்டர். இங்கே நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அங்கே நம்பர் ஏற ஏறத் தடிக்கும். மகள் சிரித்துக்கொண்டே நூலகத்திலிருந்து ஒரு பின்னல் புத்தகம் கொண்டுவந்தாள். எழுதியவர் அந்த ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு பெண்மணி, பெரிய பெயர் இல்லை. படிக்கப் படிக்க என் டீச்சர் பேசுகிற மாதிரியே இருந்தது. பின்பக்கத்தைப் பார், பிரிக்கத் தயங்காதே, எண்ணிவிட்டு நம்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க அதிலிருந்து ஒரு முன்திறப்பு ஸ்வெட்டர் பின்னினேன். பின்னி முடித்த வாரம், அவர் ஒரு நூல்கடையில் உட்கார்ந்து புத்தகங்களில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று மகள் சொன்னாள்.

சென்னைப் புத்தகக் காட்சியில் எழுத்தாளர்களிடம் கையெழுத்து வாங்க நான் வரிசையில் நின்றிருக்கிறேன். புத்தகத்தை நீட்டுவோம், பெயர் கேட்பார்கள், அன்புடன் என்று எழுதித் தருவார்கள். நான் அந்தக் கதையை உண்மையிலேயே படித்தேனா, எங்கே அழுதேன் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. டொராண்டோக் கடையில் நின்ற வரிசையில் அத்தனை பேரும் தாங்கள் படித்ததை உடம்பில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி அந்தப் புத்தகத்துக் குல்லாவில், ஒரு வயதானவர் அந்தப் புத்தகத்துக் கழுத்துத் துண்டில், ஒரு பெண்ணின் வயிற்றோடு கட்டிய குழந்தை அந்தப் புத்தகத்துச் சாக்ஸில். ஒரே பக்கத்தைப் படித்த நாலு பேர் நாலு நிறத்தில் நின்றார்கள். படித்ததற்கு இதைவிடச் சாட்சி என்ன இருக்கிறது?

என் முறை வந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வந்து என் ஸ்வெட்டர் கைமுனையைப் பிடித்தார். பிறகு, கேளுங்கள், அதைப் புரட்டினார். பின்பக்கத்தைப் பார்த்தார்! எனக்குத் திண்டிவனத்து விளக்கு வெளிச்சமே கண்ணில் வந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் கஷ்டப்பட்டாய் என்று கேட்டார். தோள்பட்டைக்குக் குறைக்கிற இடத்தில் உங்கள் கணக்கு இரண்டு கண்ணி இடிக்கிறது, நான் மாற்றிக்கொண்டேன் என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஊசியின் மேல் எண்ணுகிற மாதிரி விரலால் எண்ணிப் பார்த்தார். என் பிரதியில் அச்சான எண்ணை அடித்துவிட்டுச் சரியான எண்ணைத் தன் கையால் எழுதினார். அந்தத் திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் பக்கத்தில் போடவில்லை.

அப்போது துணிந்து அந்த ரெக்கார்டு நோட்டை எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டியில் கிடந்து, என்னோடு விமானத்தில் வந்தது அது. டீச்சர் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. மாதிரிகளைத் தடவித் தடவிப் படித்தார். கடைசிப் பக்கத்து ஓட்டைக் குதிகாலைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. மேஜையில் இருந்த சாக்ஸை எடுத்து, பாதியில் திரும்பி, சந்தின் இரண்டு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்து எடுத்துக் காட்டினார். வரிசை காத்திருந்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. நீங்களே இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையசைத்தார். இந்த இடம் காலியாக இல்லை, ஒருவருக்காக வைத்திருப்பது என்ற மாதிரி சொன்னார்.

நான் அவருக்கு ஒன்று கொடுத்தேன். அதைச் சொல்வதற்கு முன் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26. இங்கிருந்து கிழக்கே போனால் மரக்காணம், அதையொட்டிய குப்பங்கள். அன்று காலை என்ன ஆனது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. உறவைப் பறிகொடுத்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். அந்தச் செய்தி டொராண்டோவுக்குப் போனபோது அங்கே ஸ்டெஃபனி பெர்ல்-மெக்ஃபீ என்ற பின்னல் எழுத்தாளர் இருந்தார். இவர் பெரிய பெயர். ஊர் ஊராகப் போய்ப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது, தான் பின்னிக்கொண்டிருக்கிற சாக்ஸை வாசகர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர். அவர் பின்னுகிறவர்களிடம் கேட்டார்: எது தேவை, எது ஆசை என்று பிரித்துப் பாருங்கள், ஆசைக்கு ஒதுக்கியதைக் கொடுங்கள். எல்லையில்லாப் பின்னல்காரர்கள் என்று அந்த முயற்சிக்குப் பெயர். பணம் எல்லையில்லா மருத்துவர்கள் அமைப்புக்குப் போனது. பின்னாளில் அது பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. ஒரு உருண்டை உல்லன் வாங்காமல் மிச்சம் பிடித்த காசுகள் சேர்ந்து வந்தது அது.

அதே அலைக்குப் பிறகு, இங்கே நம் மாவட்டத்தில், ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்தது. தையல் போக மிச்சமான துணித் துண்டுகளில் விரலளவு பொம்மை. சுனாமிகா. விற்பதற்கில்லை, யார் கேட்டாலும் சும்மா கொடுப்பது. விரும்பியவர்கள் கொடுக்கும் நன்கொடையில் அந்தப் பெண்களுக்குக் கூலி. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தது எவ்வளவு பெரிய மருந்து என்று, கைவேலை செய்கிறவர்கள் அறிவார்கள். அந்தக் குப்பங்களின் ஆண்கள் கண் கண்ணாக வலை சரிபார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் பெண்கள். கோக்கத் தெரியாத கை அங்கே எது?

என் சாவிக்கொத்தில் ஒரு சுனாமிகா தொங்கும். அதைக் கழற்றி அந்த எழுத்தாளர் அம்மாவின் கையில் வைத்தேன். எங்கள் கடற்கரையில் செய்தது என்றேன். யார் செய்தது என்று உடனே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சொல்ல ஒரு பெயர் என்னிடம் இல்லாமல் போனதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அதனால்தான் மகளிர் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூடையை விற்பதற்கு முன் அடிப்பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைத் தைத்துவிடுங்கள். உங்கள் பெயர், ஊர், முடிச்சின் பெயர். யாரிடம் கற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். செய்முறையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நாலு நோட்டுகள் சேர்ந்தால் அதுவே ஒரு புத்தகம். டீச்சர் வாயால் சொன்ன பின்னல் குறிப்புகளை நான் இப்போது தாளில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், நாற்பத்தியோரு பக்கம் வந்திருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான். கேட்டு எழுதியவள் நான்.

இரண்டாவது, இது எனக்கும் அவருக்கும். போன மாதம் அந்தக் கடைசிப் பக்கத்து மாதிரியைப் பிரித்தேன். அதே நூல்தான், நிறம் வெளுத்திருக்கிறது. பன்னிரண்டாம் நம்பர் ஊசி நாலில் திரும்பப் போட்டேன். சந்து விழுந்த ஒவ்வொரு இடத்திலும் சேர்த்து எடுத்திருக்கிறேன். பின்பக்கத்திலும் நூல் தொங்கவில்லை.

டீச்சர், நீங்கள் எழுந்து வர வேண்டாம், முட்டி வலியோடு இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. நான் கீழே இறங்கி வருகிறேன். அந்த ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, பிடித்துப் பாருங்கள். சிவப்பு மைப் பேனா கொண்டுவந்திருக்கிறேன்.